தட்டினால் பிடியை விட வேண்டும்

பிரேசிலியன் ஜூஜித்சு என்ற, பிடித்து மடக்கும் தற்காப்புக் கலையை நாங்கள் பயிற்சி செய்யும் கூடத்தில் பல விதிகள் உண்டு. கை கால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். ‘மேட்’ எனப்படும் பயிற்சி மெத்தையில் செருப்போடு ஏறக் கூடாது, மேட்டை விட்டு இறங்கினால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. எதிரில் இருப்பவர் உங்கள் உடம்பிலோ மேட்டிலோ தட்டினால் அந்த நொடியே பிடியை விட வேண்டும். கை மாட்டிக்கொண்டிருந்தால் காலால் தட்டலாம். கால்களும் மாட்டிக்கொண்டால் வாயால் ‘டேப்’ என்று சொல்லலாம். வலியில் கத்தினாலும் தட்டியதாகத்தான் கணக்கு.

பிரேசிலியன் ஜூஜித்சு கற்கச் சேரும் யாருக்கும் முதல் வகுப்பிலேயே இதைப் பாதுகாப்பு விதியாகச் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கலை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. 51 கிலோ எடையுள்ள நான் 80 கிலோ ஆள் ஒருவரின் கழுத்தை உள்ள பலத்தையெல்லாம் போட்டு நெரிக்கிறேன். அவரும் உள்ள பலத்தையெல்லாம் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார். அப்புறம் இருவரும் கைகுலுக்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு வேறு ஆள் தேடிப் போகிறோம். மறுநாள் காலையில் இருவரும் அவரவர் வேலையில் இருப்போம். தட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இது ஒரு நாள்கூட நடக்காது.

நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் தனியாக நடந்துபோக வேண்டியிருந்ததால், தற்காப்புக்கு ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இதில் சேர்ந்தேன். விளையாட்டு என்று எதுவும் அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை. இப்போது போட்டிகளிலும் கலந்துகொள்கிறேன். தற்காப்புக்கு வந்தவள் விளையாட்டில் இறங்கிவிட்டால் அந்தத் தற்காப்பு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஜூஜித்சுவுக்கு வருவதற்கு முன்னால், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் தற்காப்புப் பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன். மணிக்கட்டைப் பிடித்தால் அவருடைய கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையை உருவு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் பாதத்தை ஓங்கி மிதி என்று சொல்லித்தருவார்கள். சொல்வதில் தவறு இல்லை, கட்டைவிரல் பக்கம்தான் பிடியில் பலவீனமான இடம். ஆனால் அங்கே என் கையைப் பிடித்த பெண், நான் திருப்பத் தொடங்கியதுமே விட்டுக்கொடுத்தாள். மருத்துவமனை வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் பாதி தெளிந்த நிலையில், தான் எங்கே கிடக்கிறோம் என்று புரியாமல் பயந்துபோய் ஒரு முதியவர் நம் கையைப் பற்றினால் அந்தப் பிடி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எலும்பும் தோலுமாக இருக்கும் மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். கையைத் திருப்பினால் அவர் இன்னும் இறுக்குவார், இழுத்தால் கூடவே வருவார். எதிர்த்துப் போராடும் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பழக எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

இதே தேவையை உணர்ந்து, அதற்கு ஒரு முறையையும் உண்டாக்கியவர் ஜப்பானின் ஜிகோரோ கானோ. அவரும் குள்ளமான, மெலிந்த ஆள். பழைய ஜூஜித்சு பள்ளிகளில் கற்றுவிட்டு 1882இல், 21 வயதில், டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில் கிடைத்த சிறிய இடத்தில் கோடோகான் என்ற தன் பள்ளியைத் தொடங்கினார். ஜூடோ பிறந்தது அங்கேதான். பழைய பள்ளிகளில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது என்று பயங்கரமான நுட்பங்கள் நிறைய இருந்தன. அவற்றை உண்மையான வேகத்தில் யார் மேல் செய்து பழகுவது? ஒத்துழைக்கும் இணையோடு, முன்கூட்டியே தீர்மானித்த அசைவுகளாகத்தான் பழக முடியும். கானோ அத்தகைய ஆபத்தானவற்றை அந்த வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டார். எறிதல், அழுத்திப் பிடித்தல், நெரித்தல், மூட்டு மடக்குதல் என்று முழு எதிர்ப்போடு செய்யக்கூடியவற்றை ரந்தோரிக்கு வைத்துக்கொண்டார். ரந்தோரி என்றால் இருவரும் தங்கள் இஷ்டப்படி முயலும் பயிற்சி. எங்கள் கூடத்தில் ‘ரோலிங்’ என்று சொல்வது அதைத்தான்.

கானோ செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆபத்தான நுட்பங்களை ஒதுக்கியதால் அவருடைய மாணவர்களின் பலம் கூடியது. கண்ணைக் குத்த மனதுக்குள் மட்டும் தெரிந்தவரைவிட, ஒரே ஒரு எறிதலை எதிர்க்கும் உடம்பின் மேல் ஆயிரக்கணக்கான முறை முயன்றவர் கைதேர்ந்தவராக இருப்பார். ‘தெருச் சண்டைக்கு ஏற்ற கொடிய நுட்பங்கள், விளையாட்டில் அனுமதிக்கப்படாதவை’ என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவற்றை யார் மேல், எவ்வளவு வேகத்தில் பழகினீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

கோடோகானில் கற்ற மித்சுயோ மயேதா, நாடு நாடாகப் போய் மல்லர்களோடு மோதிவிட்டு 1914இல் பிரேசிலுக்கு வந்து சேர்ந்தார். வடக்கே பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசி என்ற இளைஞர் அவரிடம் கற்றார். கார்லோஸும் அவருடைய தம்பிகளும், குறிப்பாக ஒல்லியான உடல்வாகு கொண்ட ஹீலியோவும், தரையில் நடக்கும் சண்டையை ஊன்றிக் கவனித்து வளர்த்தார்கள். முதுகு தரையில் பட்டபடி, மேலே இருப்பவரைக் கால்களால் பூட்டிக் கட்டுப்படுத்தும் ‘கார்ட்’ என்ற நிலை அவர்கள் கையில் பெரிய கலையாக வளர்ந்தது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதும் யுஎஃப்சி போட்டி முதன்முதலாக நடந்தது. ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். பெரிய தோற்றம் இல்லாத, வெள்ளை உடுப்புப் போட்ட அந்த மனிதர் தன்னைவிடக் கனமானவர்களைத் தரைக்குக் கொண்டுபோய்த் தட்ட வைத்த பிறகு உலகம் முழுவதும் இந்தக் கலையைத் தேடத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் தட்டாமல் போன ஒரு சம்பவமும் உண்டு. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஹீலியோ கிரேசியும் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவும் மோதினார்கள். கிமுரா எடையிலும் பலத்திலும் மிகவும் பெரியவர். அவர் ஹீலியோவின் கையை முதுகுப் பக்கமாக மடக்கித் திருகினார். ஹீலியோ தட்டவில்லை, கை உடைந்தது. அப்போதும் தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை எறிந்தார். அந்த மடக்கை இன்றும் ‘கிமுரா’ என்றே எல்லோரும் சொல்கிறோம், தோற்றவரின் குடும்பம் வென்றவருக்குக் கொடுத்த மரியாதை அது. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் ஹீலியோ தட்டாமல் இருந்ததை வீரமாகக் கொண்டாடிப் புதியவர்களிடம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோள் மூட்டு கெட்டுப்போனவர்கள் தலை வாரவும் சட்டை மாட்டவும் எத்தனை மாதம் சிரமப்படுகிறார்கள் என்று வார்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்கு வருபவர் அந்தக் கதையை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் சில மாதங்கள் நான் கீழேதான் இருந்தேன். ‘மவுண்ட்’ என்று ஒரு நிலை இருக்கிறது. நீங்கள் மல்லாந்து கிடக்க, இன்னொருவர் உங்கள் வயிற்றின் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்திருப்பார். கற்றவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் உங்கள் அக்குள் வரை ஏறி வந்துவிடும். மொத்த எடையும் விலா எலும்புகளின் மேல் இறங்கும். மூச்சை இழுக்கவே முடியாது என்று தோன்றும். அப்போது உடம்பு தானாக இரண்டு காரியங்கள் செய்யும். இரண்டு கைகளையும் நேராக நீட்டி அவர் மார்பைத் தள்ளும். அல்லது குப்புறத் திரும்பி ஓடப் பார்க்கும். நீட்டிய கை அவருக்குப் பரிசாகக் கிடைக்கும், முழங்கையை எதிர்ப்பக்கமாக மடக்கும் ‘ஆர்ம்பார்’ போட்டுவிடுவார். குப்புறத் திரும்பினால் முதுகும் கழுத்தும் அவர் வசம். எல்லா மனிதர்களுக்கும் இயல்பாக வருகிற இரண்டு அசைவுகளும் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன. இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒரு முறையாவது எல்லோரும் இந்த வகுப்புக்கு வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து தப்பிக்கும் வழிகளில் இரண்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும், தாடையைக் கழுத்தோடு சேர்த்து இறக்கிவிட வேண்டும். அப்புறம் அவருடைய ஒரு கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, அதே பக்கத்துக் காலை உங்கள் பாதத்தால் வெளியே போகாமல் தடுத்து, குதிகால்களைப் பிட்டத்துக்கு நெருக்கமாக ஊன்றி இடுப்பை மேலே தூக்கி, தோளுக்கு மேலாகச் சாய்வாக உருள வேண்டும். ஊன்ற ஒரு கையும் காலும் இல்லாததால் எவ்வளவு கனமானவரும் சரிந்துவிடுவார். அவர் கையைக் கொடுக்காமல் கவனமாக இருந்தால் இரண்டாவது வழி. ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து, முழங்கையை அவர் முழங்காலுக்குள் செருகி, இடுப்பைப் பின்னோக்கி நகர்த்தி, கிடைத்த இடைவெளியில் உங்கள் முழங்காலை உள்ளே கொண்டுவர வேண்டும். அவரை நகர்த்துவது நம்மால் ஆகாது, நம் இடுப்பை நாம் நகர்த்தலாம். ஒவ்வொரு வகுப்பும் இந்த இடுப்பு நகர்த்தலோடுதான் தொடங்குகிறது. கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை எல்லோரும் முதுகால் ஊர்ந்து போவோம். கறுப்பு பெல்ட் வைத்திருப்பவரும் போவார், நேற்றுச் சேர்ந்தவரும் போவார்.

நுட்பத்தைவிட மெதுவாக வருவது மூச்சு. பயந்தால் மூச்சை அடக்கிக்கொள்வோம், அல்லது அரைகுறையாக வேகமாக இழுப்போம். இரண்டாவது நிமிடத்திலேயே கைகால் வலுவிழந்துபோகும். மெதுவாக, நீளமாக வெளியே விடு என்று வலியில் இருக்கும் நோயாளிகளிடம் நானே சொல்கிறவள். அதை என் மேல் ஒருவர் ஏறி அமர்ந்திருக்கும்போது செய்ய நீண்ட நாள் பிடித்தது. ஒரு நாள் வகுப்பில் மிகவும் கனமான ஒருவர் என்னை அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் எங்கே ஊன்றியிருக்கிறது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது, ஆனால் அதோடு யோசனையும் ஓடியது. தற்காப்பு என்று நான் தேடி வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணுக்கு மனதில் உள்ள பயங்களில் மிகப் பெரியது, தன்னைவிடக் கனமான ஒருவரின் அடியில் அகப்பட்டுக்கொள்வது. இந்தக் கலையில் அந்த நிலைக்குப் பெயர் இருக்கிறது, அதிலிருந்து வெளியேறும் வழிகள் இருக்கின்றன, அவற்றை நல்லவர்களோடு பாதுகாப்பாகத் திரும்பத் திரும்பப் பழக முடிகிறது. இதைப் பழக எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை.

எப்போது தட்டுவது என்பதும் கற்க வேண்டிய ஒன்று. இதில் செவிலியராகச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. கழுத்து நெரிப்பு என்றால் மூச்சை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் போட்ட பிடி மூச்சுக்குழாயைத் தொடுவதே இல்லை. கழுத்தின் இரு பக்கமும் நாடி பார்க்கும் இடத்தில் ஓடுகிற தமனிகளை அழுத்தி மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. வலி அதிகம் இருக்காது. சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு போய்விடும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் தட்டுவதற்குள் மயங்கிவிடுவீர்கள். யாராவது மயங்கினால் உடனே விட்டுவிட்டு மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், பொதுவாகச் சில நொடிகளில் விழித்துக்கொள்வார். அன்று அவருக்குப் பயிற்சி அத்தோடு முடிந்தது. உடனே விழிக்காவிட்டாலோ, விழித்த பிறகு பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டு மடக்குகளில் கை மடக்குகள் கொஞ்சம் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் கெடுக்கும். குதிகாலைப் பிடித்து முழங்காலைத் திருகும் ‘ஹீல் ஹுக்’ அப்படியல்ல. வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்துவிடும். சர்வதேச பிரேசிலியன் ஜூஜித்சு கூட்டமைப்பு, ‘கி’ எனப்படும் பயிற்சி உடுப்போடு நடக்கும் போட்டிகளில் அதை யாருக்கும் அனுமதிப்பதில்லை. கி அணியாத பிரிவிலும் வயது வந்த பழுப்பு, கறுப்பு பெல்ட்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. புதியவர்கள் அதை வீடியோவில் பார்த்துவிட்டு வந்து முயலக் கூடாது என்பதில் எங்கள் கோச் மிகவும் கண்டிப்பானவர். அவர் கண்டிப்பு சரிதான்.

காதும் தோலும் பற்றி ஒரு வார்த்தை. அடிபட்டோ உரசியோ காது மடல் வீங்கினால் குருத்தெலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு நாளில் மருத்துவரிடம் போய் வடித்துவிட வேண்டும், விட்டால் அப்படியே இறுகிக் கட்டியாகிவிடும். படர்தாமரையோ சீழ்க்கொப்புளமோ வந்தால் முழுதாகக் குணமாகும் வரை மேட்டுக்கு வராதீர்கள். பயிற்சி முடிந்ததும் குளித்துவிடுங்கள், உடுப்பை ஒவ்வொரு முறையும் துவையுங்கள், பெல்ட்டையும்தான். பெல்ட்டைத் துவைத்தால் கற்ற வித்தை போய்விடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கிருமிக்கு அந்த நம்பிக்கை எல்லாம் தெரியாது.

விளையாட்டுக்கு வருகிறேன். போட்டியில் எதிரியைத் தட்ட வைத்தால் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் புள்ளிக் கணக்கு. நின்றவரைத் தரையில் வீழ்த்தினால் 2, கீழே இருந்து புரட்டி மேலே வந்தால் 2, வயிற்றில் முழங்காலை ஊன்றி நிலைத்தால் 2, எதிரியின் கால்களைக் கடந்து பக்கவாட்டில் அமுக்கினால் 3, மவுண்ட் நிலைக்கும் முதுகைப் பிடித்ததற்கும் தலா 4. எதுவானாலும் 3 நொடி நிலைநிறுத்திக் காட்ட வேண்டும். இந்தப் பட்டியலைப் புதியவர்கள் மனப்பாடம் செய்வார்கள். நிதானமாகப் பார்த்தால் இது சண்டையின் தர்க்கம் என்று புரியும். உண்மையான சண்டையில் எந்த நிலையிலிருந்து அடிப்பது எளிது, எங்கே அடி வாங்காமல் இருக்கலாம் என்று யோசித்தால் மவுண்டும் முதுகும்தான் மேலே நிற்கும். தற்காப்பின் அறிவு புள்ளிக் கணக்கில் பதிந்து கிடக்கிறது.

ஆனால் போட்டியிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாத பழக்கங்களும் உண்டு, இதை மறைக்கக் கூடாது. போட்டியில் பலர் நிற்கும் நிலையிலிருந்து தாங்களாகவே உட்கார்ந்து கார்ட் எடுத்துக்கொள்வார்கள். மேட்டில் அது புத்திசாலித்தனம், எனக்கும் அது பிடிக்கும். கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற தரையில், அவருடைய நண்பன் பக்கத்தில் நிற்கும்போது, விரும்பிக் கீழே போவது ஆபத்து. போட்டியில் யாரும் முகத்தில் குத்துவதில்லை, அதனால் குத்துக்கு எட்டும் தூரத்தில் நிம்மதியாக இருக்கப் பழகிவிடுவோம். எங்கள் கோச் இதற்காகவே அவ்வப்போது மேலே இருப்பவர் கையில் பஞ்சுக் கையுறை மாட்டிவிட்டு, கார்ட்டில் இருப்பவரை மெல்லக் குத்தச் சொல்வார். உடனே எல்லோருடைய ஆட்டமும் மாறிவிடும். எதிரியை நெருக்கமாக அணைத்துக்கொள்வோம், அல்லது கால்களால் தூரமாகத் தள்ளி, ஒரு கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் இழுத்துப் பாதுகாப்பாக எழுந்து நிற்போம். இந்த எழுந்து நிற்றல் போட்டியில் அதிகம் கவனிக்கப்படாத அசைவு. தற்காப்புக்கு நான் ஒரே ஒரு நுட்பம் சொல்லித்தர வேண்டும் என்றால் இதைத்தான் சொல்லித்தருவேன். எழுந்து நின்றால் ஓடலாம். கத்தியோ பல பேரோ என்றால் பிடிக்கப் போவதே தவறு, ஓடுவதுதான் வழி. எந்த பெல்ட்டும் இதை மாற்றாது.

அப்படியானால் போட்டி எதற்கு? பயத்துக்காக. கூடத்தில் நம்மோடு உருள்கிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். போட்டியில் எதிரில் வருகிறவரை முன்னபின்னே பார்த்திருக்க மாட்டோம், அவர் நம்மை வீழ்த்த மாதக்கணக்கில் தயாராகி வந்திருப்பார். நான் நீல பெல்ட் (வெள்ளைக்கு அடுத்த நிலை), பெண்களில் உடுப்போடு சேர்த்து 53.5 கிலோவுக்குள் வரும் பிரிவு. ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் எடை பார்ப்பார்கள், உடுப்பையும் அளந்து பார்ப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும்போதே வாய் உலர்ந்துவிடும். கடைசியாக ஆடிய ஆட்டத்தில் எதிரில் வந்த பெண்ணின் பிடி என் காலரில் விழுந்த கணத்திலேயே அவர் பலம் தெரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் என் கால்களைக் கடந்து பக்கவாட்டில் அமுக்கி 3 புள்ளி எடுத்துவிட்டார். என் முன்கைகள் கல்லாக இறுகிப்போயின, விரல்களை மடக்க முடியவில்லை. காதில் கோச்சின் குரல்கூட விழவில்லை. மூச்சை வெளியே விட்டேன். இடுப்பை நகர்த்தினேன், அவர் மறுபடி அமுக்கினார், மறுபடி நகர்த்தினேன். முழங்கால் உள்ளே வந்தது, கார்ட் கிடைத்தது. முடிவதற்கு முன் அவரைப் புரட்டி 2 புள்ளி எடுத்தேன். ஆறு நிமிடமும் ஓடி முடிந்தது, மூன்றுக்கு இரண்டு என்று அவர் வென்றார். முடிந்ததும் இருவரும் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்தக் காலர் பிடியை எப்படி விடுவிப்பது என்று அவரே எனக்குச் செய்து காட்டினார்.

உடம்பு முழுக்க அட்ரினலின் பாயும்போது நம் கை என்ன செய்யும், எது மறந்துபோகும், எது மறக்காமல் வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு இடம் கிடையாது. அன்று மறக்காமல் வந்தவை நீளமான மூச்சும் இடுப்பு நகர்த்தலும்தான். சுவரிலிருந்து சுவருக்கு ஊர்ந்த அதே அசைவு. தற்காப்பும் விளையாட்டும் எனக்கு அங்கே ஒன்றாகிவிட்டன. விளையாட்டு இல்லாவிட்டால் நான் கற்றது வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

தெருவில் இதுவரை எனக்கு இது தேவைப்படவில்லை, தேவைப்படாமலே இருக்கட்டும். வேலையில் தேவைப்பட்டது. மயக்கம் தெளியாத நிலையில் ஒரு பெரியவர் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். பின்னால் இழுத்தால் முடியும் போகும், அவரும் விழுவார். இரண்டு கைகளாலும் அவர் கையை என் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன், அப்படிச் செய்தால் முடி இழுபடாது. இழுக்கும் திசையிலேயே நெருங்கிப் போய், என் தோளை அவர் நெஞ்சோடு வைத்து மெல்லக் கட்டிலில் சாய்த்தேன். அவர் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தேன். சக ஊழியர்கள் ஓடி வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன். அவர் உடம்பில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. குத்துவதும் உதைப்பதும் மட்டும் தெரிந்திருந்தால் அங்கே அவை எனக்கு எந்த உதவியும் செய்திருக்காது. பிடிக்கும் கலையில் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. யாருக்கும் காயம் வராமல் ஒருவரை நிறுத்த முடிகிறது. ஆசிரியர்களும் பராமரிப்பாளர்களும் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களும் இதைக் கற்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

சேர விரும்புகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ரோலிங் நடக்கிறதா என்று பாருங்கள். நுட்பங்களை ஒத்துழைக்கும் இணையோடு மட்டும் செய்துவிட்டு அனுப்புகிற இடம் என்றால் நான் மேலே சொன்ன எதுவும் அங்கே கிடைக்காது. ஒருவர் தட்டியதும் மற்றவர் எவ்வளவு வேகமாக விடுகிறார் என்று பாருங்கள். பெரியவர்கள் சிறியவர்களோடு உருளும்போது எடையை அடக்கிக்கொள்கிறார்களா, கோச் அதைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். யாரோடு உருள விருப்பமில்லையோ அவரிடம் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லலாமா, சொன்னால் காரணம் கேட்பார்களா என்று கோச்சிடம் நேராகவே கேளுங்கள். காரணம் கேட்காத இடம்தான் நல்ல இடம். நெருக்கமான உடல் தொடர்பு உள்ள கலை இது. பயிற்சிக்குத் தேவையில்லாத தொடுதல் நடந்தால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள், சொன்னதைக் காதில் வாங்காத இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நல்ல கூடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

உடம்பைத் தயார்படுத்திக்கொண்டு வருகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம், இதற்கான உடம்பு இதைச் செய்தால்தான் வரும். கழுத்திலோ முதுகிலோ பழைய காயம் இருந்தால், ரத்தக்குழாய் நோய் இருந்தால், கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் முதலில் பேசிவிடுங்கள். முதல் நாளைக்கு விலை கொடுத்து எந்த உடுப்பும் வாங்க வேண்டாம். உடம்போடு ஒட்டியிருக்கும் டி-சர்ட்டும், பாக்கெட்டோ ஜிப்போ இல்லாத பேண்ட்டும் போதும். பாக்கெட் இருந்தால் யாருடைய விரலாவது மாட்டும். மோதிரம், தோடு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, நகத்தை வெட்டிக்கொண்டு, வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.